கால் மாத்திரை யோசனை

வாடா நைனா, வா. இப்பிடி திண்ணையில குந்து. பெங்களூரு பஸ் அலுப்பு போவட்டும், பாட்டி மோர் கொண்டாருவா. நேத்து நாராயணவனத்துல பொண்ணு பார்த்துட்டு வந்தீங்களாமே? சொஜ்ஜி ஜோருன்னு உங்கப்பன் சொன்னான். பொண்ணு எப்பிடின்னு கேட்டா மட்டும் வாயைத் தொறக்க மாட்டேங்கிறான். நீதான் ஒரே வார்த்தையில முடிச்சிட்டியாம். "கிளிக் ஆவலைப்பா"ன்னு.

ஏமிரா இது? பூட்டு கிளிக் ஆவும். பேனா மூடி கிளிக் ஆவும். தாவணி கட்டி காப்பி கொண்டாந்து வெச்ச புள்ள எப்பிடிரா ஆவும்?

நாராயணவனம்னா சாமானிய ஊரா? ஆகாசராஜன் ஆண்ட ஊருன்னு தலபுராணம் சொல்லுது. ஆனையைத் துரத்திக்கினு குதிரையேறி வந்தாராம் சீனிவாசப் பெருமாள். பூந்தோட்டத்துல பத்மாவதி அம்மாவும் தோழிங்களும் நின்னுகினு இருந்தாங்களாம். பேச்சு வளர்ந்து, புள்ளைங்க கல்லெடுத்து அடிச்சதுல குதிரை அங்கியே செத்துப்பூடுச்சாம். மொத சந்திப்புல மாப்பிள்ளைக்குக் கெடைச்சது கல்லடி. உன் கணக்குல அது கிளிக்கா? அவரு மலையேறிப் போயி "ஆவலைம்மா"ன்னு வகுளமாலிகைகிட்ட சொல்லிட்டுப் படுத்திருந்தா, குபேரன்கிட்ட கல்யாணக் கடன் ஏது, அந்தக் கடனுக்கு வட்டி கட்ட ஊரே கொண்டுபோய்க் கொட்டுற உண்டியல் ஏது? நீ குந்தினது அரைமணி நேரம். அதுலயும் பாதி நேரம் போனைத் தடவிக்கினு இருந்தியாம். உங்க அத்தை சொன்னா.

கோவிச்சுக்காதே. அந்த வார்த்தை மேல எனக்கும் ஒரு ஆசை வந்துடுச்சு. காலையிலயே போயி நம்ம ரிட்டையர்டு இங்கிலீஷ் வாத்தியாரைப் புடிச்சேன். நான் அஞ்சாவதோட தறிக்குழியில எறங்கினவன். ஆனா அவரு திண்ணையில குந்திக் கேட்டே பாதி காலேஜ் முடிச்சிட்டேன்.

அவரு சொன்னாரு: "கிளிக்"குக்கு அப்பன் ஆத்தா கெடையாதாம். கேட்ட சத்தத்தை அப்பிடியே வாயில சொல்லி, அதையே பேரா வெச்சுக்கினாங்க. நானூறு வருசத்துக்கு மேலயே இங்கிலீஷ்காரன் எழுத்துல அது கெடக்குது. ஆனா அதுக்கும் முன்னாடி, பிரெஞ்சுக்காரன் வழியா வந்த ஒரு அக்கா உண்டு அதுக்கு. "கிளிக்கெட்". கதவுத் தாழ்ப்பாளு, தாழ்ப்பாளோட சாவி, ரெண்டுக்கும் அதான் பேரு. போட்டா கிளிக், எடுத்தா கிளிக்.

இதுல ஒரு கூத்து இருக்குது, கேளு. சாசர்னு ஒரு இங்கிலீஷ் கவி, 1300களோட கடைசியில வாழ்ந்தவரு. அவரு எழுதின கதை ஒண்ணுல ஒரு கெழவன், கட்டினது கொமரிப் பொண்ணை. மதில் வெச்சு ஒரு தோட்டம் போட்டு, அதோட கிளிக்கெட்டைத் தன் மடியிலயே வெச்சுக்கினு திரிஞ்சான். பொண்டாட்டி இன்னா செஞ்சா? சாவியை மெழுகுல ஒரு அமுக்கு அமுக்கி, அந்த அச்சை தனக்குப் புடிச்ச வாலிபன்கிட்ட கொடுத்தா. அவன் போலிச் சாவி பண்ணிக்கினான். கெழவன் மடியில சாவி பத்திரமாத்தான் இருந்துச்சு. தோட்டம்தான் பத்திரமா இல்லை. அறுநூறு வருசம் ஆச்சு. இன்னிக்கி அதையே ஓடிபின்னு சொல்லிக் கேக்குறாங்க. மெழுகு மட்டும்தான் மாறியிருக்குது. இதை மனசுல வெச்சுக்கோ, அப்பறம் வர்றேன்.

தாழ்ப்பாளுலருந்து கெளம்பின சொல்லு எங்கெல்லாம் போயிடுச்சு பாரு! காமெராக்காரன் எடுத்தா கிளிக். படம் ஓடினா "கிளிக் ஆயிடுச்சு", ஓடலைன்னா ஆவலை. மண்டையில ஒரு விசயம் ஒறைச்சாலும் கிளிக்காம். பிரெஞ்சுல அதே சத்தத்துலருந்து பொறந்தது, நாலு பேரு கூடி தனியா ஒரு கும்பலு கட்டுறாங்களே, அந்தக் கோஷ்டிக்குப் பேராவும் ஆயிடுச்சாம். தென்னாப்பிரிக்காவுல கோசான்னு ஒரு சனம். அவங்க நாக்கைச் சொடுக்கி எழுப்புற சத்தமே அவங்க பாசையில எழுத்து. அவங்க பேருலயே மொத எழுத்து அதான். நாம மாட்டை ஓட்டவும் "ச்சு ச்சு"ன்னு எரக்கப்படவும் மட்டும் வெச்சிருக்குற சத்தத்துல அவங்க கோர்ட்டுல வாதாடுறாங்க.

அப்பறம் கம்ப்யூட்டர் எலி. 1968 டிசம்பர்ல எங்கல்பார்ட்னு ஒரு அமெரிக்காக்காரர் ஊரு கூட்டி அதை ஓட்டிக் காமிச்சாராம். மொத மொத செஞ்சது மரக்கட்டையிலியாம். அதைக் கேட்டதும் நம்ம ஆசாரிங்க ஞாபகம் வந்து எனக்கு சந்தோசம். அந்த எலி நெசமாவே சத்தம் போட்டுச்சு, அதனால கிளிக்குன்னாங்க, ஞாயம். உன் கையில இருக்குறது கண்ணாடி. அதுல ஏதுடா சத்தம்? நீ தொட்டதும் உள்ளருந்து வர்றது, சேத்து வெச்ச சத்தம். ஜப்பான்ல விக்கிற போன்ல போட்டோ புடிச்சா அந்தச் சத்தத்தை நிறுத்தவே முடியாதாம், திருட்டுத்தனமா எவனும் எடுக்கக் கூடாதுன்னு. சத்தம் செத்துப்போனப்பறம் அதுக்குக் காவல் வேலை கொடுத்திருக்கான் ஜப்பான்காரன். கெட்டிக்காரன்.

சத்தத்தைப் பத்தி எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காதே. நம்ம நகரி பக்கம் தறிச் சத்தத்துலதான் புள்ளைங்க தூங்குறதே. நாடா ஓடுறது ஒரு மாதிரி, அச்சு அடிக்கிறது ஒரு மாதிரி. பாவுல ஒரு இழை அறுந்தா கண்ணு பாக்குறதுக்கு முன்னாடி காது சொல்லிடும். பவர்லூம் வந்தப்பறம் பத்து தறி ஒண்ணா ஓடுற எரைச்சல்ல அந்தக் காது போச்சு. இப்போ பாட்டி கூப்புடுறது கூட எனக்குக் கேக்குறதில்லைன்னு அவ சொல்றா. அது வேற விசயம்.

வாத்தியாரு எமனோன்னு ஒருத்தரைப் பத்தியும் சொன்னாரு. பேரைக் கேட்டு பயப்படாதே, கனடாவுல பொறந்த நல்ல மனுசன். 1930கள்ல நீலகிரிக்கு வந்து தோடர் பாசையைக் கத்துக்கினவரு. பர்ரோன்னு இன்னொருத்தரோட சேந்து திராவிட பாசைங்களுக்கே ஒரு வேர்ச்சொல் அகராதி போட்டாரு, 1961-ல. இந்தச் சடசட, கடகட, கலகல இருக்குதே, இதுக்குன்னு 1969-ல தனியா ஒரு கட்டுரையே எழுதினாராம். வடக்க தெக்க எல்லா பாசைக்காரனும் இந்தியாவுல இந்த ஒரு பழக்கத்துல ஒண்ணுதான்னு. மெய்தான்டா. 1960-ல கோடு போட்டு திருத்தணியை அந்தப் பக்கம் வெச்சாங்க, நம்மளை இந்தப் பக்கம் வெச்சாங்க. கோட்டுக்கு அந்தாண்டையும் கலகல, இந்தாண்டையும் கலகல. குசுகுசுன்னு பேசினா அங்க, குசகுசன்னு பேசினா இங்க. ரகசியம் மட்டும் ஒரே ரகசியம்.

இரட்டைக்கிளவின்னு பள்ளிக்கூடத்துல படிச்சியே, ஞாபகம் இருக்குதா? "சலசல"வைப் பாதியா ஒடைச்சா பொருள் கெடையாது. உங்க கம்ப்யூட்டருக்கும் அதே எலக்கணம்தான். ரெண்டு தரம் தட்டினாத்தான் தொறக்கும், ஒரு தரம் தட்டினா சும்மா கலர் மாறும். விண்டோசுல ரெண்டுக்கும் நடுவுல அரை செகண்டுக்கு மேல போச்சுன்னா அது ரெட்டையே இல்லைன்னு தள்ளிடுமாம். உங்களுக்கு ரெட்டைக் கிளிக், புலவருக்கு ரெட்டைக் கிளவி. எனக்கு ஒத்தைக் கெழவி, அதுவே தாங்கலை. மெதுவா சிரிடா, உள்ள இருக்குறா.

இப்போ நம்ம சொல்லுக்கு வருவோம். கிளிக்குக்குத் தமிழ்ல இன்னா போடுறாங்க? "சொடுக்கு." யாரோ ஆபீசு ரூமுல குந்திக்கினு செஞ்ச சொல்லுன்னு நெனைச்சியா? கையை நீட்டு. கட்டை வெரலையும் நடு வெரலையும் சேத்து ஒரு தட்டு தட்டு. இன்னா கேட்டுச்சு? சொடக். அதான் சொடக்கு. தெலுங்குல சிட்டிக. நாமளும் ஒரு சிட்டிகை உப்புன்னு சொல்றது அந்த ரெண்டு வெரலைத்தான். வரப்புல காய்க்குமே சொடக்குத் தக்காளி, சின்ன வயசுல அந்தப் பையை என் நெத்தியிலதான் அடிச்சு ஒடைப்பே. அந்தச் செடிக்குப் பேரே அது ஒடையிற சத்தம்தான். கொட்டாவி வந்தா வாய்க்கு நேரா சொடக்குப் போடுறதும், உனக்கு திருஷ்டி சுத்தி பாட்டி நெட்டி முறிக்கிறதும் அதே குடும்பம்தான். நெட்டி முறிச்சா மூட்டு போயிடும்னு டாக்டர் மாதிரி பேசுவியே, அமெரிக்காவுல உங்கர்னு ஒரு நெச டாக்டரு, அறுபது வருசத்துக்கு மேல இடது கை வெரலை மட்டும் முறிச்சு, வலது கையைச் சும்மா வுட்டுப் பார்த்தாராம். ரெண்டு கையும் ஒண்ணாத்தான் இருந்துச்சு. அந்த வீண் வேலைக்கு 2009-ல கேலி நோபல் பரிசும் கொடுத்தாங்க. அறுபது வருசம்டா! நீ அரைமணி நேரத்துல ஒரு புள்ளையோட கொணத்தை அளந்துட்டு வந்திருக்கே.

சொடக்குக்கு இன்னொரு பேரு இருக்குது. நொடி. ஒரு நொடியில வர்றேன்னு சொல்றியே, அந்த நொடி கடியாரத்துலருந்து வந்ததில்லை, வெரலுலருந்து வந்தது. தொல்காப்பியத்துலயே இருக்குதாம், கண்ணை இமைக்கிற நேரமும் வெரலை நொடிக்கிற நேரமும் ஒரு மாத்திரைன்னு. மாத்திரைன்னதும் மெடிக்கல் ஷாப்பைப் பாக்காதே. குறில் எழுத்துக்கு ஒண்ணு, நெடிலுக்கு ரெண்டு, மெய்யெழுத்துக்கு அரை. அந்த அளவு. நம்ம வேங்கடத்தைத் தமிழுக்கு வடக்கெல்லைன்னு பாயிரத்துல போட்டிருக்குதே, அதே புஸ்தகம். எல்லைக்கல்லு மேலயே நாம குந்திக்கினு இருக்கோம். தமிழுக்குக் கெடியாரம் நம்ம வெரலு.

பின்னாடி வந்த எலக்கணக்காரங்க அதோட நிறுத்தலை. அந்த ஒரு நொடியையும் அறுத்துப் பார்த்தாங்க. சொடக்குப் போடணும்னு நெனைக்கிறப்பவே கால் மாத்திரை. வெரலை ஊன்றினா அரை. முறுக்கினா முக்கால். வுட்டாத்தான் ஒண்ணு. பார்த்தியா கணக்கை? சத்தம் கேக்குறது கடைசியில. அதுக்கு முன்னாடி முக்கால் பங்கு வேலை சத்தமே இல்லாம நடந்துடுது. அந்த மொதக் கால் முழுக்க யோசனை.

ஆங், இப்போ போனை எடுக்குறே. வாத்தியாரு பேரன் இதையும் காட்டினான், படிச்சிட்டேன். 2021-ல அட்லாண்டாவுல ஜார்ஜியா டெக்குல சாத் பம்லான்னு ஒருத்தரோட குழு, சொடக்கை வேகக் காமெரா வெச்சுப் புடிச்சிருக்காங்க. வெரலு பாயுறது வெறும் 7 மில்லி செகண்டாம். கண்ணு இமைக்க அதைவிட இருவது மடங்கு ஆவுமாம். "தொல்காப்பியர் தப்பு தாத்தா"ன்னு சொல்ல வர்றே, அதானே? அவசரக்குடுக்கை. வெரலை வுட்ட பின்னாடி நடக்குறதைத்தான் அவங்க அளந்தாங்க. நெனைச்சதை, ஊன்றினதை, முறுக்கினதை எந்தக் காமெரா புடிக்கும்? இன்னொண்ணும் அதுலயே போட்டிருந்துச்சு. சினிமாவுல தானோஸ்னு ஒரு ராட்சசன் இரும்புக் கையுறை மாட்டிக்கினு சொடக்குப் போட்டு பாதி ஒலகத்தை அழிக்கிறானாமே, அதைப் பார்த்துத்தான் இந்த ஆராய்ச்சியே தொடங்கிச்சாம். கடைசியில இரும்புக் கையால சொடக்கே போட முடியாதுன்னு கண்டுபுடிச்சாங்க. உரசலும் வேணும், சதை கொஞ்சம் அமுங்கவும் வேணும். வழுக்கினா வேகம் வராது. இவ்ளோ உரசலுக்கு அப்பறம்தான் சொடக்கே வருதுன்னா, நீ பொண்ணு வூட்டுல உரசலே இல்லாத கண்ணாடியைத் தடவிக்கினு குந்தியிருந்தா எங்கடா கிளிக் ஆவும்?

வேகமே வேணாம்னு நான் சொல்லலை. வேதாந்த தேசிகர்னு ஒரு மகான். திருமலை மணியோட அவதாரம்னே வைணவங்க கும்புடுறாங்க. ஸ்ரீரங்கத்துல பெருமாளோட பாதுகை மேல ஆயிரத்தெட்டு சுலோகம், ஒரே ராத்திரியில பாடினாருன்னு சொல்லுவாங்க. அதுல நூறு, அந்தப் பாதுகை நடக்குறப்ப எழும்புற சத்தத்துக்கு மட்டும். செருப்புச் சத்தத்துக்கு நூறு பாட்டு! பாடினது ஒரு ராத்திரின்னா, கேட்டது எத்தினி வருசமோ. பகல்ல நீ செருப்பைத் தேச்சுக்கினு நடக்குறியே, அதுக்கு பாட்டி பாடுற பாட்டு வேற.

பல்லி சொல்றதைக் கேட்டுட்டு ஒரு காரியத்துல எறங்குறவங்களைப் பார்த்து சிரிப்பியே, அதுக்கும் வர்றேன். நம்ம சேசாசலம் காட்டுல பங்காரு பல்லி இருக்குது, தெரியுமா? ஆம்பளைப் பல்லி மஞ்சளா தகதகன்னு இருக்கும். பகல்ல பாறை எடுக்குல, ராத்திரியில வெளியில. அதோட ஒடம்புக்கும் அது போடுற சத்தத்துக்கும் சம்பந்தமே கெடையாது, அவ்ளோ பலம். 1870-ல பெடோம்னு ஒரு வெள்ளைக்காரரு அதைப் பத்தி எழுதி வெச்சாரு. அதுக்கப்பறம் நூறு வருசத்துக்கு மேல படிச்சவங்க யாரும் அதைக் கண்டுக்கலை. 1980கள்ல திருமலைக் காட்டுல மறுபடி பார்த்து, தோ இருக்குதேன்னு சந்தோசப்பட்டாங்க. காஞ்சிபுரம் வரதராசர் கோயில்ல தங்கப் பல்லியைத் தொட்டுக் கும்புட வரிசையில நிக்கிறோம். உசுரோட இருக்குற தங்கப் பல்லி நம்ம மலையிலயே கத்திக்கினு கெடக்குது. இங்கிலீஷ்ல பல்லிக்கு கெக்கோன்னு பேரு. மலாய்க்காரன் பல்லி போடுற சத்தத்தையே பேரா வெச்சான், இங்கிலீஷ்காரன் அவன்கிட்ட வாங்கிக்கினான். பல்லிக்கு வருங்காலம் தெரியுமான்னு எனக்குத் தெரியாது. ஆனா செவுத்துல அது "ச்ச்"னு சொன்னதும் வெளியில கெளம்பின எங்கப்பாரு ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு, மடியில காசு இருக்குதா, துண்டு இருக்குதான்னு தடவிப் பார்ப்பாரு. பல்லி கொடுத்தது அந்தக் கால் மாத்திரைதான்.

இப்போ விசயத்துக்கு வர்றேன். காலையிலருந்து போனைக் கண்ணுல ஒட்டிக்கினு இருக்கியே, முந்நூறு ரூவா தரிசன டிக்கெட்டுதானே? மூணு மாசம் முன்னாடியே ஆன்லைன்ல வுட்டுடுறாங்க, வுட்ட நிமிசத்துல கோடிப் பேரு வெரலை வெச்சுக்கினு நிக்கிறாங்க, கண்ணை மூடித் தொறக்குறதுக்குள்ள காலி. அதுவரைக்கும் சரி. ஆனா அதுல கெடைக்காத கடுப்புல, வாட்சப்புல வந்த இன்னொரு லிங்க்கை அமுக்கப் போனியே, அதை இங்கருந்தே பார்த்தேன். நாளைக்கே தரிசனம், நாலு பேருக்கு லட்டு, ரூமு, எல்லாம் சேத்து ஒரே கிளிக்காம். பெருமாளே கூப்புட்டு அனுப்பினா கூட இவ்ளோ சலுகை தர மாட்டாருடா! குபேரனுக்கு இன்னும் வட்டி கட்டுறவரு அவரு.

தேவஸ்தானம் பேருலயே போலித் தளங்க இருக்குதுன்னு தேவஸ்தானமே எத்தினி வாட்டி சொல்லியிருக்குது, போலீஸ் கேசு கூட ஆயிருக்குது. சாசர் கதைக் கெழவன் மடியில சாவி பத்திரமா இருந்த மாதிரி, உன் பேங்கு கார்டும் உன் பர்சுலதான் பத்திரமா இருக்கும். பணம்தான் இருக்காது. அமுக்குறதுக்கு முன்னாடி பேரோட வாலைப் பாரு. ஏபி டாட் கவ் டாட் இன்னுன்னு முடியுதா? தேவஸ்தானங்கிற பேருல ஒரு எழுத்து கூடவோ கொறைச்சலோ இருக்குதா? உனக்கு வந்ததுல இருந்துச்சு. கண்ணாடி போடாமலே எனக்குத் தெரிஞ்சுது, கம்ப்யூட்டர் கம்பெனியில சம்பளம் வாங்குற உனக்குத் தெரியலை. ஊன்றலும் முறுக்கலும் உங்கிட்ட நல்லாத்தான் இருக்குது, வுடுறது பிரமாதம். மொதக் கால் மட்டும்தான் கெடையாது.

டிக்கெட்டு இல்லைன்னா சாமி இல்லையா? திருப்பதியில எறங்கினா பஸ் ஸ்டாண்டாண்ட சீனிவாசம், ரயிலடியாண்ட விஷ்ணு நிவாசம், அலிபிரியில பூதேவி காம்ப்ளெக்ஸ். இலவச தரிசன டோக்கன் அங்க தர்றாங்க. விடிகாலையில போயி ஆதாரோட வரிசையில நில்லு. அப்பறம் அலிபிரியிலருந்து நடந்தே ஏறு, 3,550 படி. மோகாள்ள பர்வதத்துல முழங்கால் களுக்கு களுக்குன்னு சத்தம் போடும். அது ஒரிஜினல் கிளிக், சேத்து வெச்ச சத்தம் இல்லை. வழியில யோசிக்கவும் நேரம் கெடைக்கும். நாராயணவனத்துப் புள்ளைக்கு போன் நம்பரு வாங்கினியா, இல்லை அதுக்கும் லிங்க் வரும்னு குந்தியிருக்கியா?

சரி, மோரைக் குடி. குடிச்சிட்டு ஒரு வேலை செய். ஆன்லைன்ல பணம் போனா புகார் சொல்ல 1930-ன்னு ஒரு நம்பரு இருக்குதாமே, அதை பாட்டி போன்லயும் பெருசாத் தெரியிற மாதிரி போட்டு வை. நேத்து சாயங்காலம் கொல்லையில நின்னுகினு யாருக்கோ ஒவ்வொரு எண்ணா நிறுத்தி நிதானமா படிச்சுக் காட்டிக்கினு இருந்தா. கேட்டா, பேங்குலருந்து தங்கமான புள்ள, அக்கான்னு கூப்புட்டான்னா.